கம்பியிலிருந்து எண்ணெய்க்கு: ஒரு கிளட்சின் கதை

கொடைக்கானலில் இருந்து பூம்பாறை வழியாகக் கூக்கால் போகிற சாலையில் ஒரு பழைய ஜீப்புக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். வளைவுக்கு வளைவு அது கிட்டத்தட்ட நின்று, உறுமி, மறுபடி கிளம்பும். பின்னால் பூண்டு மூட்டையோ உருளைக்கிழங்கு மூட்டையோ ஏறியிருக்கும். எதிரே பஸ் வந்தால் மேட்டிலேயே நிறுத்த வேண்டும். நிறுத்தினால் மேட்டிலேயே மறுபடி எடுக்க வேண்டும். இந்த வேலையில் பாதி டிரைவரின் இடது காலுக்கு. எஞ்சினைப் பற்றிப் பேசுகிறவர்கள் உண்டு, டயரைப் பற்றிப் பேசுகிறவர்கள் உண்டு. அந்த இடது காலைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அந்தக் காலுக்கும் கிளட்சுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். பழைய வண்டிகளில் அங்கே இரும்புக் கம்பிகளும் நெம்புகோல்களும் இருந்தன. பிறகு வந்த வண்டிகள் பலவற்றில் ஒரு மெல்லிய குழாயும் அதற்குள் கொஞ்சம் எண்ணெயும் வந்தன. பழைய வண்டி வைத்திருக்கும் பலர் இன்றைக்கும் கம்பியைக் கழற்றிவிட்டுக் குழாயைப் போடுகிறார்கள். சின்ன வேலை மாதிரித் தெரியும். ஆனால் அதற்குப் பின்னால் நூறு வருடத்துக்கும் மேலான வரலாறு இருக்கிறது.

விளக்கெண்ணெய்க் காலம்

எஞ்சின் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், வண்டி மட்டும் நிற்க வேண்டும். இதுதான் மோட்டார் வண்டி செய்தவர்களுக்கு முதலில் வந்த தலைவலி. மாட்டு வண்டிக்கு இந்தப் பிரச்சினை இல்லை, மாடு நின்றால் வண்டி நின்றுவிடும். 1886-ல் கார்ல் பென்ஸ் தன் மூன்று சக்கர வண்டியில் இதற்குத் தோல் பெல்ட்டைப் பயன்படுத்தினார். பெல்ட்டை வெறுமனே சுற்றும் சக்கரத்துக்குத் தள்ளினால் வண்டி நிற்கும், பிடிப்புள்ள சக்கரத்துக்குத் தள்ளினால் ஓடும். 1891-ல் பிரான்சில் எமில் லெவாசோர் எஞ்சினை முன்னால் வைத்து, அதற்குப் பின்னால் கிளட்ச், அதற்குப் பின்னால் கியர் என்று வரிசைப்படுத்தினார். அந்த வரிசைதான் பிறகு பல தலைமுறைக் கார்களுக்கு இலக்கணம் ஆயிற்று.

ஆரம்பகாலக் கிளட்சுகளில் பெரும்பாலானவை கூம்பு வடிவம். ஒரு கூம்பின் மேல் தோல் போர்த்தி, அதை இன்னொரு கூம்புக் குழிக்குள் ஸ்பிரிங் அழுத்திப் பிடிக்கும். தோல் காய்ந்துவிட்டால் வண்டி வெடுக்கென்று குதிக்கும். அதற்கு டிரைவர்கள் கண்ட வைத்தியம் விளக்கெண்ணெய்! தோலுக்கு விளக்கெண்ணெய் தடவி மெதுவாக்குவார்கள். எண்ணெய் அதிகமாகி வழுக்கினால் களிமண் தூள் போடுவார்கள்.

பிறகு தோலுக்குப் பதிலாகக் கல்நார் கலந்த உராய்வுப் பொருள் வந்தது (அது நுரையீரலுக்கு விஷம் என்று தெரிந்து பிற்பாடு அதையும் கைவிட்டார்கள்). கூம்புக்குப் பதிலாகத் தட்டையான கிளட்ச் பிளேட் வந்தது. உள்ளே இவ்வளவு மாறியும், பெடலிலிருந்து கிளட்ச் வரை போகிற வழி மட்டும் மாறவில்லை. பெடல் ஒரு தண்டைத் திருப்பும், தண்டு ஒரு ராடை இழுக்கும், ராடு ஒரு ஃபோர்க்கைத் தள்ளும், ஃபோர்க் ரிலீஸ் பேரிங்கை அழுத்தும்.

ஆரம்பத்தில் இதில் குறை ஒன்றும் இல்லை. எஞ்சின் சட்டத்தோடு இறுக்கி முடுக்கப்பட்டிருந்தது. பெடலும் அதே சட்டத்தில் இருந்தது. இரண்டும் ஒன்றாகவே ஆடின. ஆனால் 1931-ல் அமெரிக்காவின் பிளிமத் கார் எஞ்சினை ரப்பர் தாங்கிகளின் மேல் மிதக்கவிட்டது. பயணிகளுக்கு அதிர்வு குறைந்தது. மற்ற கம்பெனிகளும் ரப்பருக்கு மாறின. கம்பிக்கோ அன்று பிடித்தது சனி. எஞ்சின் ஒரு பக்கம் ஆட, பெடல் இன்னொரு பக்கம் நிற்க, நடுவில் மாட்டிக்கொண்ட ராடு கிளட்சைத் தானாகவே கொஞ்சம் இழுத்தது, கொஞ்சம் விட்டது. வண்டி எடுக்கும்போது வருகிற அந்த நடுக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

எண்ணெய் வந்த வழி

மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். பள்ளிக்கூடத்தில் படித்த பாஸ்கல் விதி. பாஸ்கல் இதை எழுதியது 17-ஆம் நூற்றாண்டில். 1795-ல் இங்கிலாந்தின் ஜோசப் பிராமா இதை வைத்து நீரழுத்த எந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். மோட்டார் வண்டிக்குள் இதைக் கொண்டுவந்தவர் மால்கம் லாஹெட் என்ற அமெரிக்கர். விமானக் கம்பெனியால் நமக்குத் தெரிந்த லாக்ஹீட் என்ற பெயர் இந்தக் குடும்பத்துடையதுதான், அந்தக் கம்பெனியைத் தொடங்கிய ஆலன் இவருடைய தம்பி.

மால்கம் செய்தது ஹைட்ராலிக் பிரேக். 1921-ல் டூசன்பர்க் கார் நான்கு சக்கரத்துக்கும் அதைப் போட்டது. அது பணக்காரர்களின் கார். 1924-ல் கிரைஸ்லர் அதை நடுத்தர விலைக்குக் கொண்டுவந்தது. அந்தக் காலத்துப் பிரேக் ஆயிலில் என்ன இருந்தது தெரியுமா? ஆல்கஹாலோடு கலந்த விளக்கெண்ணெய்! தோல் கிளட்சைப் பதமாக்கிய அதே எண்ணெய், இப்போது குழாய்க்குள் போனது.

பிரேக்குக்கு எண்ணெய் வந்த பிறகும் கிளட்சுக்கு வர ஏறத்தாழ முப்பது வருடம் ஆயிற்று. ஏன்? காரணம் எளிது. பிரேக்கில் நான்கு சக்கரத்துக்கும் சமமான அழுத்தம் போக வேண்டும், கம்பி வைத்து அதைச் சரிசெய்வது பெரும்பாடு. கிளட்ச் ஒன்றே ஒன்றுதான். கம்பியே போதும், விலையும் குறைவு. இரண்டாம் உலகப்போரின் ஜீப் இதற்கு நல்ல சாட்சி. வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேல் ஜீப்புகளைச் செய்தன. அவற்றில் பிரேக் ஹைட்ராலிக். பக்கத்திலேயே இருந்த கிளட்ச் பெடலுக்கோ குறுக்குத் தண்டும் கம்பியும்தான். அந்தக் குறுக்குத் தண்டின் ஒரு முனை சட்டத்தில், மறுமுனை எஞ்சின் பக்கத்தில். இரண்டு முனையிலும் பந்து மாதிரி மூட்டு. சேறும் மணலும் போய்ப் போய் அந்த மூட்டுகள் தேயும்.

1950-களில்தான் பிரிட்டிஷ் கார்கள் வரிசையாக மாறின. 1953-ல் டிரையம்ப் டிஆர்2, 1955-ல் எம்ஜிஏ, 1959-ல் மினி, அதே வருடம் டிரையம்ப் ஹெரால்டு. எல்லாவற்றிலும் ஹைட்ராலிக் கிளட்ச். காலுக்குச் சுகம் என்பது ஒரு காரணம் மட்டுமே. இன்னொரு காரணம் வியாபாரம். போருக்குப் பிறகு பிரிட்டன் டாலருக்காகக் கார்களை அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்தது. அங்கே ஸ்டீயரிங் இடது பக்கம். கம்பி என்றால் வலதுக்கு ஒரு அமைப்பு, இடதுக்கு ஒரு அமைப்பு தேவை. குழாய் என்றால் வளைத்துக் கொண்டுபோனால் முடிந்தது!

இங்கே நடந்தது

மஹிந்திரா கம்பெனி 1945-ல் மஹிந்திரா அண்ட் முகமது என்ற பெயரில் தொடங்கியது. கூட்டாளி குலாம் முகமது பாகிஸ்தான் போய் அந்த நாட்டின் முதல் நிதியமைச்சர் ஆனார். 1948-ல் பெயர் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆயிற்று. பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைக் கோர்க்கும் வேலை ஆரம்பித்தது. பிறகு சிஜே-3பி என்ற மாடல் இங்கே வந்து வேரூன்றியது. அமெரிக்காவில் அது 1953-ல் பிறந்து 1968-ல் முடிந்துபோனது. இங்கே அதன் வாரிசுகள் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் ஓடின.

இது ஏன் நடந்தது என்று வணிகவியல் படிக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1953-ல் சுங்கத் தீர்வைக் கமிஷனின் பரிந்துரைப்படி, உள்நாட்டிலேயே படிப்படியாகத் தயாரிக்கத் திட்டம் உள்ள கம்பெனிகள் மட்டுமே தொடரலாம் என்று அரசு முடிவெடுத்தது. வெறும் பாகங்களைக் கோர்த்துக்கொண்டிருந்த ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் மூட்டை கட்டின. மிச்சமிருந்தவர்களுக்குப் போட்டி இல்லை. வாங்குகிறவர்கள் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். வரிசையில் நிற்கிற வாடிக்கையாளருக்காக யார் கிளட்சை மாற்றுவார்கள்? அச்சு வார்ப்புகளுக்கும் எந்திரங்களுக்கும் போட்ட பணம் திரும்பி வர வேண்டும் அல்லவா?

இதில் தமிழ்நாட்டுக்கு ஒரு தனி இடம் உண்டு. சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி 1961 முதல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டைச் செய்தது. ஹைட்ராலிக் கிளட்ச் கொண்ட அதே டிரையம்ப் ஹெரால்டுதான் இது. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950-களில் விற்ற பேபி ஹிந்துஸ்தான் என்பது மோரிஸ் மைனர். அதில் ராடுகளும் நெம்புகோல்களும். ஆக, தெருவில் பக்கத்துப் பக்கத்தில் நின்ற இரண்டு சின்னக் கார்களில் ஒன்று கம்பிக் காலம், ஒன்று எண்ணெய்க் காலம். 1962-ல் டிவிஎஸ் குடும்பமும் இங்கிலாந்தின் லூகாஸும் சேர்ந்து சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கினார்கள். கெர்லிங் பெயரில் பிரேக் பாகங்கள் நம் ஊரிலேயே தயாராக ஆரம்பித்தன. மாஸ்டர் சிலிண்டரும் ரப்பர் வாஷரும் உள்ளூர்க் கடையில் கிடைத்தால்தான் ஒரு மெக்கானிக் ஹைட்ராலிக்கை நம்புவார்.

வரலாறு நேர்கோட்டில் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-ல் இருந்தது கேபிள் கிளட்ச். ஹெரால்டு எண்ணெய் கொண்டுவந்து இருபது வருடம் கழித்து வந்த நவீனக் காரில் மறுபடி கம்பி! எஞ்சின் சின்னது, ஸ்பிரிங் இலகு, கேபிள் மலிவு. அதற்கு அது போதும்.

டீசல் செய்த வேலை

பழைய ஜீப்பில் ஒரிஜினல் பெட்ரோல் எஞ்சின் இருக்கும்வரை கம்பிக் கிளட்ச் எப்படியோ காலத்தை ஓட்டிவிடும். மூட்டுகளை மாற்றி, கிரீஸ் போட்டு, நீளத்தைச் சரிசெய்தால் ஒழுங்காகவே வேலை செய்யும். ஆனால் பெட்ரோல் விலை ஏறியபோது நாடெங்கும் பழைய வண்டிகளுக்கு டீசல் எஞ்சின் மாற்றினார்கள். சென்னையின் சிம்சன் கம்பெனி செய்த பெர்கின்ஸ் டீசல் எஞ்சின்கள் 1950-களிலிருந்தே இப்படிப் பல வண்டிகளுக்குள் போயிருக்கின்றன.

டீசல் எஞ்சின் அதிகமாக ஆடும். இழுவையும் கூடுதல், அதைத் தாங்கக் கிளட்ச் ஸ்பிரிங் வலுவாக இருக்க வேண்டும். ஸ்பிரிங் வலுத்தால் பெடல் கனக்கும். எஞ்சினோடு வேறு கியர் பாக்ஸும் வந்தால் ஃபோர்க் இருக்கும் இடமே மாறிவிடும். பழைய ராடு அங்கே போய்ச் சேராது. வெட்டி, ஒட்டி, வளைத்து எதையோ செய்வார்கள். வளைந்த ராடு அழுத்தும்போது மேலும் வளையும். அதாவது பெடலில் கொடுத்த மிதி கிளட்சுக்குப் போவதற்குள் பாதி வழியில் செலவாகிவிடும்.

எண்ணெய்க்கு மாற்றும் யோசனை பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது.

மாற்றும்போது என்ன கணக்கு?

பெடலுக்கு முன்னால் ஒரு மாஸ்டர் சிலிண்டர். கிளட்ச் ஃபோர்க் பக்கத்தில் ஒரு ஸ்லேவ் சிலிண்டர். நடுவில் குழாய், கடைசியில் எஞ்சின் ஆட்டத்துக்கு ஈடுகொடுக்க ஒரு ரப்பர் ஹோஸ். அவ்வளவுதான் பாகங்கள். கஷ்டம் கணக்கில் இருக்கிறது.

மாஸ்டரின் உள்விட்டம் 19 மில்லிமீட்டர், ஸ்லேவின் உள்விட்டம் 22 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பரப்பளவு விகிதம் சுமார் 1.34. ஆகவே ஃபோர்க்கைத் தள்ளும் விசை 1.34 மடங்கு ஆகும். ஆனால் இயற்கை எதையும் இலவசமாகத் தராது. மாஸ்டர் 25 மில்லிமீட்டர் நகர்ந்தால் ஸ்லேவ் 18.6 மில்லிமீட்டர்தான் நகரும். பெடல் லேசாக வேண்டும் என்று ஸ்லேவை இன்னும் பெரிதாக்கினால் நகர்வு போதாமல் கிளட்ச் முழுதாக விடுபடாது, கியர் போடும்போது கரகரவென்று சத்தம் கேட்கும். நகர்வு வேண்டும் என்று சின்னதாக்கினால் பெடல் மறுபடி கல் மாதிரி ஆகிவிடும். முதலில் ஃபோர்க் எத்தனை மில்லிமீட்டர் நகர வேண்டும் என்று அளந்துவிட்டுத்தான் சிலிண்டர் வாங்கக் கடைக்குப் போக வேண்டும்.

அடுத்தது, மாஸ்டரை எங்கே பொருத்துவது. ஜீப்பின் முன்பக்கத் தகடு மெல்லியது. அதில் நேராகத் துளை போட்டு முடுக்கினால், மிதிக்கும்போது தகடு வளையும், எண்ணெய் நகராது. பின்னால் கனமான பட்டை வைத்துத்தான் முடுக்க வேண்டும். ஸ்லேவ் சிலிண்டரைச் சட்டத்தில் வைக்காமல் கியர் பாக்ஸ் உறையிலேயே வைப்பது நல்லது. அப்போதுதான் எஞ்சின் ஆடினால் அதுவும் சேர்ந்து ஆடும், நடுக்கம் குறையும். ஹைட்ராலிக்குக்கு மாறுவதன் முழுப் பலனும் இங்கேதான் இருக்கிறது. காற்று வெளியேறும் நிப்பிள் மேல்பக்கம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எத்தனை முறை ஏர் எடுத்தாலும் குமிழி உள்ளேயே தங்கும். எண்ணெய் அழுங்காது, காற்று அழுங்கும். பெடல் பஞ்சு மாதிரி போகும். சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் ஹோஸ் போகக்கூடாது என்பதைச் சொல்லவே வேண்டாம்.

ரிலீஸ் பேரிங் விஷயத்தில் பலர் ஏமாறுவார்கள். பழைய வண்டிகளில் மிதிக்காதபோது பேரிங்குக்கும் கிளட்சுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருக்க வேண்டும். பிளேட் தேயத் தேய அந்த இடைவெளி குறையும். மோரிஸ் மைனரில் இருப்பது உருளைகள் கொண்ட பேரிங்கே அல்ல, வெறும் கரி வளையம். அது எப்போதும் உரசிக்கொண்டிருந்தால் தேய்ந்து காலியாகிவிடும். ஆகவே ஸ்லேவைப் பின்னுக்கு இழுக்கும் ஒரு ஸ்பிரிங் கட்டாயம் வேண்டும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒன்று. செலவை மிச்சம் பிடிக்கக் கிளட்சுக்கான எண்ணெயைப் பிரேக் ஆயில் டப்பாவிலிருந்தே இழுக்கும் பழக்கம். புதிய கார்களில் கம்பெனியே இப்படிச் செய்வதுண்டு, ஆனால் அங்கே கிளட்சுக்குப் போகும் துளை டப்பாவில் உயரமாக இருக்கும். கிளட்ச் ஒழுகினாலும் பிரேக்குக்கு எண்ணெய் மிஞ்சும். பழைய ஜீப்பில் பிரேக்குக்கு இருப்பது ஒரே சுற்று. அதன் டப்பாவின் அடியில் துளை போட்டுக் கிளட்சுக்குக் குழாய் கொடுத்தால், கிளட்சில் ஒரு ரப்பர் வாஷர் கிழிந்த அன்றைக்கு பிரேக்கும் போய்விடும். சமவெளியில் அது ஒரு தொல்லை. மலை இறக்கத்தில் அது உயிர்.

கம்பிக்கும் ஒரு நியாயம் உண்டு

இவ்வளவு சொன்ன பிறகு எல்லோரும் எண்ணெய்க்கு மாறிவிடலாமே என்று தோன்றும். கூக்காலில் நின்று யோசித்தால் பதில் அவ்வளவு சுலபமில்லை.

கம்பி உடைந்தால் கண்ணுக்குத் தெரியும். கட்டுக்கம்பி வைத்துக் கட்டலாம், வெல்டிங் கடையில் ஒட்டலாம், எப்படியாவது வீடு வந்து சேரலாம். ரப்பர் வாஷர் கிழிந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. பெடல் உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும். பொருத்தமான வாஷர் கையில் இல்லாவிட்டால் வண்டி அங்கேயே நிற்கும். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும் தன்மை உள்ளது. பனியும் மழையும் மூடிக்கிடக்கும் மேல்மலையில் அது சிலிண்டரின் உட்சுவரில் துரு பிடிக்க வைக்கும். அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் ஊதிப்போய் எல்லாம் நாசம். எனவே எண்ணெய்க்கு மாறுகிறவர் ஒரு வாஷர் செட்டும் ஒரு டப்பா பிரேக் ஆயிலும் வண்டியிலேயே வைத்திருக்க வேண்டும். கியர் பாக்ஸுக்குள் மறைந்திருக்கும் வகை ஸ்லேவ் சிலிண்டரைத் தவிர்க்க வேண்டும். அது ஒழுகினால் கியர் பாக்ஸையே இறக்க வேண்டியிருக்கும்.

வரலாற்றுப் பொருளாக வண்டியைப் பார்க்கிறவர்களுக்கு வேறு கவலை. 2021-ல் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்குத் தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. 50 வருடத்துக்கு மேற்பட்ட, ஒரிஜினல் நிலையில் இருக்கும் வண்டிக்குத்தான் அது. சட்டம், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கு மட்டுமே அதை ஓட்டலாம், தினசரி ஓட்டவோ வாடகைக்கு விடவோ முடியாது. எனவே அந்தப் பதிவை விரும்புகிறவர் சட்டத்தை வெட்டவும் ஒட்டவும் கூடாது. இருக்கிற துளைகளிலேயே போல்ட் முடுக்கி, கழற்றிய பழைய தண்டையும் ராடையும் ஒரு சாக்கில் கட்டிப் பத்திரமாக வைத்தால், நாளைக்கு யாராவது பழையபடியே மாட்டிக்கொள்ளலாம்.

மேல்மலையில் பூண்டு ஏற்றும் ஜீப்புக்கு இந்தப் பதிவு பொருந்தாது. அது இன்னும் உழைத்துக்கொண்டிருக்கிறது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை கொடைக்கானலுக்கு வந்தவர்கள் மலையடிவாரத்திலிருந்து நடந்தோ, குதிரையிலோ, ஆட்கள் சுமந்த நாற்காலியிலோதான் ஏறினார்கள். மோட்டார் சாலை வந்து மனிதர்களின் தோளிலிருந்து அந்தச் சுமையை இறக்கியது. இறக்கிய சுமையில் கொஞ்சம் டிரைவரின் இடது முழங்காலில் போய் உட்கார்ந்துகொண்டது. கம்பியை எடுத்து எண்ணெயைப் போடுவது என்பது, அந்த மிச்சச் சுமையையும் கொஞ்சம் இறக்கப் பார்க்கும் வேலைதான்.

அடுத்த முறை கூக்கால் ஏரிக்குப் போகும்போது வழியில் ஒரு பழைய ஜீப் மேட்டில் நின்று கிளம்பினால், பின்னால் ஹாரன் அடிக்காதீர்கள். அந்த நேரத்தில் உள்ளே ஒரு கால், கம்பியோடோ எண்ணெயோடோ பேசிக்கொண்டிருக்கும்.